கறார் மொழியும் நாற்பத்தோராவது வரியும்

தங்கைக்கு அந்தப் பேச்சு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா சாப்பிட்டு முடித்துத் தட்டை நகர்த்திவைத்தார். ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கேள்வியை அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"உன் வேலை என்னன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் என்னத்த சொல்ல?"

"மாட்டேன்னு சொல்றதுதான் வேலைன்னு சொல்லுங்கப்பா."

"அதுக்கா ஆபீஸ்ல ஆள் வெச்சிருக்காங்க?"

"உங்களை முப்பது வருஷம் அதுக்குத்தானே வெச்சிருந்தாங்க?"

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஒப்பீட்டை அவர் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் ஓடுற ரயில்ல செக் பண்ணேன். டிக்கெட் இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிவிட்டேன்."

"நான் ரயில் கிளம்பறதுக்கு முன்னாடியே இறக்கிவிடறேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒவ்வொருத்தனையும் பிடிச்சு நிறுத்திக்கிட்டிருந்தா அப்புறம் ரயில் எப்பக் கிளம்பும்?"

"இதையேதான் எங்க மேனேஜரும் கேட்கறார்," என்றாள் அக்கா. பிறகு தண்ணீர் குடித்தாள். பேச்சு முடிந்தது.

அக்காவின் வேலையைப் பற்றி அதைவிடத் தெளிவான விளக்கத்தைத் தங்கை அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அக்கா கணினி மொழி ஒன்றை உருவாக்கியவள். உலகம் முழுக்கப் புழங்கும் மொழி என்று நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பதினெட்டுப் பேர் உள்ள ஓர் அலுவலகம் மட்டும் புழங்கும் மொழி. அந்தப் பதினெட்டில் பதினேழு பேர் அதைத் திட்டினார்கள்.

அந்த அலுவலகம், மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் செய்தது. சொட்டுக் குழாயில் கிளிப் மாதிரி மாட்டிவிட்டால் போதும். உள்ளே இருக்கும் ஒரு சிறிய விளக்கின் ஒளியில், விழுகிற ஒவ்வொரு சொட்டையும் கருவி எண்ணும். வேகம் கூடினால் குழாயை இறுக்கும், குறைந்தால் தளர்த்தும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து எவ்வளவு வேகத்தில் என்ற விதிகளை மருந்தியல் படித்த ஐந்து பேர் எழுதினார்கள். அவர்கள் எழுதுவதற்கென்று அக்கா உருவாக்கிய மொழிக்கு ஒரு நீளமான அதிகாரப்பூர்வப் பெயர் இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் அதைக் கறார் என்றுதான் சொன்னார்கள். அக்காவை, முதுகுக்குப் பின்னால், செக்போஸ்ட் என்றார்கள். ஆறு மாதத்தில் முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஐந்து என்றால் ஐந்துதான் என்று உலகம் நம்புகிறது. கறாரில் வெறும் ஐந்து கிடையாது. ஐந்து கிலோவா, ஐந்து மில்லிகிராமா, ஐந்து மணியா என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. கிலோவை மணியோடு கூட்டினால் எழுதியதைக் கருவிக்கு மாற்றித் தரும் கம்பைலர் அங்கேயே படுத்துக்கொள்ளும். தலையால் தண்ணீர் குடித்தாலும் எழுந்திருக்காது. நோயாளியின் எடை தெரியவில்லை என்றால் மற்ற மொழிகள் பெருந்தன்மையாகப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போகும். எடை பூஜ்யம் என்றால் கட்டிலில் படுத்திருப்பது காற்றா என்று கறார் கேட்கும். எடை தெரிந்தால் என்ன செய்வது, தெரியாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் பதில் எழுதிக் கொடுத்தால்தான் ஆளை விடும்.

இந்தக் குணம் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. விடை பன்னிரண்டு என்று எழுதியதற்குக் கணக்கு டீச்சர் அரை மதிப்பெண் குறைத்தார். பன்னிரண்டு என்ன, லிட்டரா, மாம்பழமா என்று கேட்டார். வகுப்பில் எல்லாரும் அழுதார்கள், சண்டை போட்டார்கள், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா மட்டும் டீச்சர் பக்கம் சேர்ந்துகொண்டாள். மீதி அரை மதிப்பெண்ணையும் குறைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் வந்து சொன்னாள். வளர்ந்த பிறகு சமையலறை அவள் கைக்குப் போனது. உப்பு டப்பாவின் மூடி சர்க்கரை டப்பாவில் பொருந்தாதபடி, தேடித் தேடி இரண்டு வேறு அளவில் வாங்கிவைத்தாள். எழுதி ஒட்டியிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "எழுதி ஒட்டினா படிக்கணும். இதுல தப்பு பண்ணவே முடியாது" என்றாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. மூன்று வருடத்தில் முடிந்தது. காரணம் கேட்ட சொந்தக்காரர்களிடம், "அவரும் சரியான ஆள்தான், நானும் சரியான ஆள்தான். சேர்த்துப் போட்டா ஓடல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். சொந்தக்காரர்கள் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்தார்கள்.

தங்கை கணினி படித்தவள் இல்லை. இரண்டு மொழிகளில் படித்து, மொழிபெயர்ப்பைத் தொழிலாக வைத்துக்கொண்டவள். கையேட்டையும், கருவியின் திரையில் வரும் வாசகங்களையும், கறாரின் பிழைச் செய்திகளையும் இன்னொரு மொழியில் தருவதற்காக அதே அலுவலகம் அவளை அழைத்தது. பிழைச் செய்திகள் எல்லாம் அக்காவே எழுதியவை. 'எடை தெரியாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். பிறகு எதால் பெருக்குகிறீர்கள்?' என்பது அவற்றில் சாந்தமான ஒன்று.

"இதை அப்படியே மொழிபெயர்த்தா கேஸ் போடுவாங்கக்கா," என்றாள் தங்கை.

"போடட்டும். அதுக்கப்புறமாவது படிச்சாங்கன்னு தெரியும்."

அலுவலகத்தில் எல்லாருக்கும் அக்காமேல் கோபம் இருந்தது. ஆனால் ஒருவருக்கு மட்டும் அது கலை. விதி எழுதும் ஐந்து பேரில் கெட்டிக்காரர் அவர். பட்டப் பெயர் ஷார்ட்கட். கறார் வந்த இரண்டாம் வருடத்திலேயே மேனேஜரிடம் போய், அவசரத்துக்கு ஒரு பின்வாசல் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர்தான். எந்த மொழியிலும் அப்படி ஒரு பின்வாசல் இருக்கும். 'எனக்குத் தெரியும், நீ வாயை மூடு' என்று கம்பைலரிடம் சொல்வதற்கான வழி. அக்கா மூன்று மாதம் மறுத்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். 'நம்பு.' ஒரு வரிக்கு முன்னால் நம்பு என்று எழுதினால் கம்பைலர் அந்த வரியைச் சோதிக்காது. ஆனால் எழுதியவர் பெயரையும் காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அக்கா மாதம் ஒருமுறை எல்லா நம்புகளையும் அச்செடுத்துக் குடிதண்ணீர் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் தொண்ணூற்றொன்று ஷார்ட்கட்டுடையவை. காரணம் என்ற இடத்தில் பாதிப் பேர் 'மேனேஜர் சொன்னார்' என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தார்கள். தற்காலிகங்களில் மூத்ததற்கு ஆறு வயது.

"செக்போஸ்ட் மேடம், இந்த மாசம் நான்தானே முதலிடம்?" என்று ஷார்ட்கட் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்பார்.

"ஆமா. ரெண்டாவது ஆள் வர இன்னும் நாலு வருஷம் ஆகும். தைரியமா இருங்க," என்பாள் அக்கா.

இப்படியே பத்து வருடம் ஓடியது. பிறகு குழந்தைகள் மருத்துவமனை ஒன்று நாற்பது கருவிகள் கேட்டது. ஒரு மாதம் தள்ளி வரும் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். இதற்கு முன் மூன்று முறை, கறார் விதிகளை ஏற்கவில்லை என்பதற்காகக் கருவிகள் நேரத்துக்குப் போகாமல் தள்ளிப்போயிருந்தன. மேனேஜர் எல்லாரையும் கூட்டிவைத்து, பொதுவாகப் பேசுவதுபோல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொரு தடவை இந்த மொழியால தள்ளிப்போச்சுன்னா மொழியை மாத்திடலாம். கடையில கிடைக்குதே, எதைக் குடுத்தாலும் ஏத்துக்கற மொழி. நாலு பேருக்கு ஒத்துப்போற மொழி."

அது அக்காவின் பத்து வருட வேலை. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று வாரம் விதி எழுதுபவர்களின் நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். திட்டு வாங்கினாள், திட்டினாள். நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை குழந்தைகள் வார்டுக்கான விதிகள் ஒரு பிழைகூட இல்லாமல் கம்பைலரைத் தாண்டின. ஒரு நம்புகூட இல்லை. அக்கா வெள்ளைப் பலகையில் இரண்டு பூஜ்யங்களை அருகருகே எழுதி வட்டம் போட்டாள். ஷார்ட்கட்டே எழுந்து நின்று கை தட்டினார். அவர் கேலி செய்கிறாரா என்று பார்க்க எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கேலி இல்லை.

புதன்கிழமை தங்கை அந்த மருத்துவமனைக்குப் போனாள். தான் மொழிபெயர்த்த திரை வாசகங்கள் நர்சுகளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை. தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மாதிரிக் கருவியின் திரையைப் படித்தார். 'மணிக்கு 10 மில்லி. அதாவது 200 சொட்டு.'

"எழுத்தெல்லாம் நல்லாதான் இருக்கு. புரியுது. ஆனா இது எங்க கணக்கு இல்லியேம்மா."

"வாக்கியம் சரியா வரலியா சிஸ்டர்?"

"வாக்கியம் கிடக்கட்டும். பெரியவங்க வார்டுல இருபது சொட்டு ஒரு மில்லி. இங்க சின்னச் சொட்டு செட். அறுபது விழுந்தாதான் ஒரு மில்லி."

அவர் அலமாரியைத் திறந்து இரண்டு குழாய்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் சொட்டு விழும் இடம் அகலமாக இருந்தது. மற்றதில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய முனை.

"இந்த மெஷின் இருநூறு எண்ணிட்டு, பத்து மில்லி போயாச்சுன்னு நிம்மதியா உட்காந்திருக்கும். குழந்தைக்கு மூணரை மில்லிகூடப் போயிருக்காது."

"இந்த வார்டுல எப்பவும் சின்னதுதான் மாட்டுவீங்களா?"

"ஸ்டாக் தீர்ந்தா பெருசையும் மாட்டுவோம். அப்போ கணக்கை மாத்திக்குவோம். நமக்குத்தான் கண்ணு இருக்கே!"

தங்கை திரையை மறுபடி படித்தாள். அந்த வாசகத்தை அவள் மூன்று முறை திருத்தியிருந்தாள். முற்றுப்புள்ளி எங்கே என்பதுவரை யோசித்திருந்தாள். இரண்டு மொழியிலும் அது பிழையில்லாத வாக்கியம்.

அவள் திரும்பி வந்தபோது அக்கா சோதனை அறையில் இருந்தாள். நீளமான மேஜை, வரிசையாகக் கருவிகள், ஒவ்வொன்றின் கீழும் நீலச் சாயத் தண்ணீர் சொட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளி. பத்து வருடமாக அந்த அறையில் எல்லாச் சோதனையும் பெரிய சொட்டுக் குழாயில்தான் நடந்தது. ஆரம்பத்தில் அந்தப் பெட்டிதான் கிடைத்தது என்பது தவிர அதற்கு வேறு காரணமில்லை. ஷார்ட்கட் ஒரு வாளியைக் காலி செய்துகொண்டிருந்தார். தங்கை சொன்னதை அக்கா பாதியிலேயே மறித்தாள்.

"இருக்காது. சொட்டுக்கு வகை போட்டிருக்கேன். மில்லியோட கலந்திருந்தா கம்பைலர் நிறுத்தியிருக்கும்."

"கலக்கல அக்கா. மில்லியைச் சொட்டா மாத்தியிருக்கு. இருபதால பெருக்கி."

அக்கா கணினியில் அடித்தளம் என்ற கோப்பைத் திறந்தாள். கிலோ என்றால் என்ன, மணி என்றால் என்ன என்று கறாருக்குச் சொல்லிக்கொடுக்கும் தொள்ளாயிரம் வரிகள். மற்ற எல்லாம் இதை வைத்துத்தான் சோதிக்கப்பட்டது. இதைச் சோதிக்க எதுவும் இல்லை. நாற்பத்தோராவது வரி: ஒரு மில்லி, இருபது சொட்டு. எழுதிய தேதி பத்து வருடத்துக்கு முந்தையது. கை அக்காவுடையது.

ஷார்ட்கட் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். இப்படி ஒரு நாளுக்காகப் பத்து வருடம் காத்திருந்தவர், அது வந்தபோது சரியாகச் சிரிக்கக்கூட முடியாமல் நின்றார்.

"மேடம், அப்போ இந்த வரிக்கு முன்னாடி நம்புன்னு போட்டிருக்கணுமே?"

"தொள்ளாயிரம் வரிக்கு முன்னாடியும் போட்டிருக்கணும்," என்றாள் அக்கா. "போடல. என் பேரையும் எழுதல, காரணமும் எழுதல."

ஷார்ட்கட் குரலைத் தாழ்த்தினார். கிண்டல் போய், உதவி செய்பவரின் குரல் வந்தது.

"ரெண்டு நிமிஷ வேலை மேடம். குழந்தைங்க விதியில மட்டும் சொட்டு எண்ணிக்கையை மூணால பெருக்கிடலாம். முன்னாடி ஒரு நம்பு. என் பேர்லயே போட்டுக்கறேன், தொண்ணூத்தி ரெண்டாவதா இருந்துட்டுப் போகட்டும். திங்கட்கிழமை மெஷின் போகும். மேனேஜர் வாயைத் திறக்க மாட்டார். உங்க மொழியும் பிழைக்கும்."

அவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அக்கா உடனே மறுக்கவில்லை என்பதைத் தங்கை கவனித்தாள். வாழ்க்கை முழுக்க யோசிக்காமல் மாட்டேன் என்று சொன்னவள், வாளிகளில் சொட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு முழு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஸ்டாக் தீர்ந்தா பெரிய செட்டையும் மாட்டுவாங்களாம்," என்றாள் தங்கை மெதுவாக.

"அப்போ மூணு மடங்கு போகும்," என்றார் ஷார்ட்கட், தன் கணக்கைத் தானே முடித்துவைத்து. திரும்பிப் போய் வாளியை எடுத்துக்கொண்டார்.

அக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். அது கண்ணாடி அறை. ரகசியம் காக்கத் திரைச்சீலை போட்டிருந்தார்கள், கதவு மட்டும் மூடாது. வெளியே உட்கார்ந்திருந்த தங்கைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கம்பைலர் ஏன் சொல்லல?"

"நான் அதுகிட்ட தப்பாச் சொன்னேன் சார். அது நம்பிச்சு."

"நம்பறதுக்கா அதை வெச்சிருக்கோம்? எல்லாரையும் பிடிச்சு நிறுத்துமே!"

"நாம ஒரு இடத்துல சொன்னதுக்கும் இன்னொரு இடத்துல சொன்னதுக்கும் முரண்பாடு இருக்கான்னு அது பார்க்கும். ஒண்ணு விடாம பார்க்கும். நாம முதல்ல சொன்னது நிஜமான்னு பார்க்காது. அதைப் பார்க்கற மொழியை யாராலும் பண்ண முடியாது."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கையேட்டுல முதல் பக்கத்துல எழுதியிருக்கேன் சார். யாரும் படிக்கல. நானும்."

நாற்பது கருவிகளும் இரண்டு வாரம் தள்ளிப்போயின. அக்கா அந்த நாற்பத்தோராவது வரியை அழித்தாள். இனி கறாரில் வெறும் சொட்டு கிடையாது. எந்தக் குழாயின் சொட்டு என்று சொல்லியாக வேண்டும். அழித்த அடுத்த நிமிடம் கம்பைலர் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் படுத்துக்கொண்டது. பத்து வருடத்தில் யார் யார் எங்கெங்கே சொட்டு என்று எழுதினார்களோ அத்தனை இடத்தையும், ஒன்று விடாமல், கோப்புப் பெயரோடும் வரி எண்ணோடும் காட்டிக்கொடுத்தது. எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் மொழியாக இருந்தால் அவற்றைத் தேட ஒரு வருடம் பிடித்திருக்கும் என்று சொன்னவர் ஷார்ட்கட். அதுவும் மேனேஜர் காதில் விழும்படி. மேனேஜர் அதைக் கேட்டுவிட்டு நிர்வாகத் திறமையோடு ஒரு முடிவெடுத்தார். மொழியை மாற்றுவது பற்றிய பேச்சு அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர் ஷார்ட்கட். கூட்டத்துக்கு வர அக்காவுக்கு அனுமதி உண்டு, வாக்குரிமை கிடையாது.

அலுவலகம் அதோடு நிம்மதியாகிவிட்டது. அக்கா ஆகவில்லை. ஒரு வரி பொய் என்றால் மீதி எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதும் அதே கை எழுதியதுதானே? விதி எழுதுபவர்களிடம் காட்டினாள். அவர்களுக்கு எல்லா வரியும் சரியாகத்தான் தெரிந்தது. பத்து வருடமாக அதன்மேல் நின்றுகொண்டு அதையே குனிந்து பார்த்தால் வேறு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை அவள் அந்தக் கோப்பு முழுவதையும் அச்செடுத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் தங்கையின் முன்னால் வைத்தாள். மேலே ஒரு பென்சிலையும் வைத்தாள்.

"என்னக்கா இது? இதையும் மொழிபெயர்க்கணுமா?"

"வேண்டாம். படி."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சவங்க எல்லாரும் படிச்சாச்சு," என்றாள் அக்கா. நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால், கேட்கும்போது மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "முதல் வரியிலேர்ந்து படி. ஒவ்வொரு வரிக்கும் நின்னு, இது உனக்கு யார் சொன்னாங்கன்னு என்னைக் கேளு. நான் கத்துவேன். இதுகூடத் தெரியாதான்னு கேட்பேன். பாதியில எழுந்து போயிடாதே. பதில் சொல்ற வரைக்கும் அடுத்த வரிக்குப் போக விடாதே."